சத்தம் எந்த இடத்தில் நின்றது? வீட்டில் பாட்டுப் பதிவு செய்பவர்களுக்கு ஆடியோ இன்டர்ஃபேஸ் வழிகாட்டி

மலேசியாவின் பேராக் மாநிலத்தில் சுங்கை சிப்புட் மாதிரியான தோட்டத்து ஊர்களில் வீட்டுக்குள்ளேயே பாட்டுப் பதிவு செய்யும் பிள்ளைகள் இப்போது நிறைய. தைப்பூசத்துக்குக் காவடிப் பாட்டு, உறுமி மேளக் குழுவுக்கு ஒரு புதுப் பாட்டு, கூட்டாளிகளோடு சேர்ந்து ராப் என்று ஏதாவது ஒன்று ஓடிக்கொண்டே இருக்கிறது. மைக்கைக் கணினியோடு இணைக்கும் பெட்டியான ஆடியோ இன்டர்ஃபேஸ் ஆன்லைனில் வந்துவிடுகிறது. கோளாறு வந்தால் கேட்கத்தான் பக்கத்தில் ஆள் கிடையாது. ஈப்போவுக்குத் தூக்கிக்கொண்டு போக வேண்டும். அப்படிப் போனால் பல நேரம் பெட்டியில் குறையே இருக்காது. ஒரு கேபிள் செத்திருக்கும், இல்லையென்றால் கணினியில் மாற்றாமல் விட்ட ஓர் அமைப்பு. பஸ் ஏறும் முன் வீட்டிலேயே பார்க்கக்கூடியதை எல்லாம் வரிசையாகச் சொல்கிறேன்.

முதலில் சத்தம் போகும் வழியை மனத்தில் வையுங்கள். குரல் மைக்கில் ஏறுகிறது, கேபிள் வழியாக இன்டர்ஃபேஸுக்குப் போகிறது. அங்கே கெயின் அதைப் பெரிதாக்குகிறது. பிறகு எண்களாக மாறி யூஎஸ்பி வழியாகக் கணினிக்குள் நுழைகிறது. இன்டர்ஃபேஸையும் கணினியையும் பேச வைக்கும் நிரலான டிரைவர் அதை வாங்கிப் பதிவு மென்பொருளிடம் கொடுக்கிறது. திரும்பி வரும்போதும் இதே வழிதான், கடைசியில் ஹெட்போன். கோளாறு என்றால் இந்த வழியில் ஏதோ ஓர் இடத்தில் சத்தம் நின்றுவிட்டது, அல்லது கெட்டுப்போய்விட்டது. எந்த இடம் என்று தெரிந்தால் வேலை முக்கால்வாசி முடிந்தது.

அதைக் கண்டுபிடிக்க ஓர் ஒழுங்கு வேண்டும்: ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றுங்கள். கேபிளையும் மாற்றி, டிரைவரையும் அழித்து, வேறு மைக்கையும் செருகினால், சத்தம் வந்தாலும் எதனால் வந்தது என்று தெரியாது. அடுத்த வாரம் மறுபடி அதே கதைதான்.

விளக்கைப் பாருங்கள்

மென்பொருளைத் திறப்பதற்கு முன் இன்டர்ஃபேஸின் முகத்தைப் பாருங்கள். மைக்கில் பேசும்போது கெயின் குமிழைச் சுற்றியோ பக்கத்திலோ பச்சை விளக்கு துடிக்கிறதா? துடித்தால் மைக், கேபிள், கெயின் மூன்றும் நன்றாக இருக்கின்றன. சிக்கல் கணினிப் பக்கம். துடிக்கவில்லை என்றால் கணினியைத் தொடவே வேண்டாம். சிக்கல் மைக் பக்கம். இந்த ஒரு பார்வை பாதிப் பாதையைக் கழித்துவிடும். இதைச் செய்யாமல் டிரைவரை அழித்து அழித்துப் போட்டு ராத்திரி முழுக்க உட்காருகிறவர்கள்தான் அதிகம்.

பவர் விளக்கே எரியவில்லையா? யூஎஸ்பி கேபிளை மாற்றுங்கள். கணினியில் வேறு துளையில் செருகுங்கள். யூஎஸ்பி ஹப் வழியாகச் செருகியிருந்தால் அதை எடுத்துவிட்டு நேராகச் செருகுங்கள். சின்ன ஹப்புகளால் இன்டர்ஃபேஸுக்கு வேண்டிய மின்சாரத்தைத் தர முடியாமல் போகும்.

விளக்கு எரிகிறது, ஆனால் கணினி இன்டர்ஃபேஸைக் கண்டுகொள்ளவில்லை என்றால் அதுவும் பெரும்பாலும் கேபிள்தான். கைப்பேசிக்கு வந்த சில கேபிள்கள் சார்ஜ் மட்டும் செய்யும், தரவைக் கடத்தாது. பார்க்க இரண்டும் ஒன்றுபோல இருக்கும். அந்தக் கேபிளில் ஒரு கைப்பேசியைக் கணினியோடு இணைத்துப் பாருங்கள். படங்கள் கணினியில் தெரிந்தால் தரவு போகிற கேபிள்.

மைக் பக்கம்: பச்சை விளக்கு துடிக்கவில்லை

கண்டென்சர் மைக் (தனக்கு மின்சாரம் தேவைப்படும் வகை) என்றால் 48 வோல்ட் பேண்டம் பவர், அதாவது கேபிள் வழியாகவே மைக்குக்குப் போகும் மின்சாரம், வேண்டும். இன்டர்ஃபேஸில் 48 என்று எழுதிய பொத்தான் இருக்கும். அதை அழுத்தினால்தான் மைக்குக்கு உயிர் வரும். அழுத்துவதற்கு முன் கெயினையும் ஹெட்போன் சத்தத்தையும் குறைத்துவிடுங்கள், இல்லையென்றால் காதில் ஓர் இடி விழும். கழற்றும்போது பேண்டமை அணைத்து, சில வினாடி விட்டு, அப்புறம் கேபிளை உருவுங்கள். மேடையில் பயன்படுத்தும் சாதாரண டைனமிக் மைக்குக்கு இது தேவையில்லை.

அடுத்தது நம் ஊரில் ரொம்பச் சாதாரணமான ஒன்று. வீட்டில் கரவோக்கே செட் இருக்கும், அதன் மைக்கை எடுத்து இன்டர்ஃபேஸில் செருகுவார்கள். செருகும் முனை கிட்டார் கேபிள் மாதிரி பருத்த ஜாக். சத்தம் வரும், ஆனால் கிணற்றுக்குள் இருந்து வருவது போல ரொம்பச் சன்னமாக. காரணம் இதுதான்: பெரும்பாலான இன்டர்ஃபேஸ்களில் ஒரே துளையில் இரண்டு வழிகள் இருக்கின்றன. மூன்று ஊசி கொண்ட எக்ஸ்எல்ஆர் முனை மைக்குக்கான வழியில் போகும். நடுவில் நுழையும் ஜாக் கிட்டாருக்கோ கீபோர்டுக்கோ உரிய வழியில் போகும். மைக்கின் அடியில் மூன்று ஊசி இருந்தால், இரண்டு பக்கமும் எக்ஸ்எல்ஆர் உள்ள கேபிள் வாங்குங்கள். கேபிள் மைக்கோடு ஒட்டியே வந்திருந்தால் அந்த மைக்கைக் கரவோக்கேவுக்கே விட்டுவிடுவது நல்லது.

பிஎம்-800 மாதிரியான விலை குறைந்த மைக்குகளோடு வரும் கேபிளிலும் இதே கண்ணி உண்டு. ஒரு பக்கம் எக்ஸ்எல்ஆர், மறுபக்கம் கைப்பேசி ஹெட்போன் மாதிரி சின்ன முனை. அதை ஓர் அடாப்டர் போட்டு இன்டர்ஃபேஸில் செருகினால் பேண்டம் பவர் மைக்குக்குப் போய்ச் சேராது. அந்தக் கேபிளை எடுத்து ஓரமாக வையுங்கள்.

பக்கவாட்டில் பாட வேண்டிய கண்டென்சர் மைக்கில் உச்சியைப் பார்த்துப் பாடுகிறவர்களும் உண்டு. நிறுவனத்தின் முத்திரை இருக்கும் பக்கம்தான் பெரும்பாலும் மைக்கின் முகம். பின்பக்கம் பாடினால் குரல் ஒல்லியாகவும் அறையின் எதிரொலி பெரிதாகவும் பதிவாகும். அதை யாரும் கோளாறு என்று நினைக்காமல் மைக்கையே திட்டிக்கொண்டிருப்பார்கள்.

கணினிப் பக்கம்: விளக்கு துடிக்கிறது, மென்பொருளில் ஒரு கோடு கூட அசையவில்லை

இங்கே நான்கு இடம் பார்க்க வேண்டும், வரிசையாக.

ஒன்று, டிரைவர். விண்டோஸில் இன்டர்ஃபேஸ் தயாரித்த நிறுவனத்தின் தளத்திலிருந்து அதற்கான ஏசியோ டிரைவரை (விண்டோஸின் சொந்த ஒலி வழியைத் தாண்டி இன்டர்ஃபேஸோடு நேராகப் பேசும் வகை) இறக்கிப் போடுங்கள். மென்பொருளின் ஆடியோ அமைப்பில் அதன் பெயரைத் தேர்ந்தெடுங்கள். ரீப்பர் என்ற பதிவு மென்பொருளில் என்றால் ஆப்ஷன்ஸ், பிரிஃபரன்சஸ், அதற்குள் ஆடியோ, டிவைஸ். சில மென்பொருள்கள் தாங்களாகவே ஒரு பொது ஏசியோவைப் போட்டு வைத்திருக்கும். பட்டியலில் அதுதான் முதலில் நிற்கும். அதைத் தேர்ந்தெடுத்தால் மடிக்கணினியின் சொந்த மைக்கைத்தான் அது கேட்டுக்கொண்டிருக்கும். பெஹ்ரிங்கர் யூஎம்சி22 மாதிரி சில பெட்டிகளுக்கு ஏசியோ4ஆல் என்ற இலவச டிரைவரைப் போடுவார்கள். அதில் இன்டர்ஃபேஸின் பெயருக்குப் பக்கத்தில் சிவப்புப் பெருக்கல் குறி தெரிந்தால், வேறு ஏதோ நிரல் அதைப் பிடித்து வைத்திருக்கிறது என்று அர்த்தம். யூடியூப் ஓடும் பிரவுசரை முதலில் மூடுங்கள். மேக் கணினிக்குப் பெரும்பாலும் தனி டிரைவர் வேண்டியதில்லை.

இரண்டு, அனுமதி. விண்டோஸ் 10, 11 இரண்டிலும் பிரைவசி அமைப்புக்குள் மைக்ரோபோன் என்று ஒரு பக்கம் இருக்கிறது. அங்கே டெஸ்க்டாப் நிரல்களுக்கு அனுமதி அணைந்திருந்தால் பதிவில் நேர்கோடுதான் வரும். மேக்கில் 2018இல் வந்த மொஜாவே முதல் ஒவ்வொரு நிரலுக்கும் தனித்தனியாக அனுமதி தர வேண்டும். முதல் தடவை கேட்கும்போது அவசரத்தில் வேண்டாம் என்று அழுத்தியிருப்பீர்கள்.

மூன்று, டிராக்கின் உள்வழி. டிராக் என்பது மென்பொருளில் ஒரு குரலோ கருவியோ பதிவாகும் வரிசை. மைக் இன்டர்ஃபேஸில் 1ஆம் துளையில் இருக்கும், டிராக் 2ஆம் துளையைப் பார்த்துக்கொண்டிருக்கும். குரல் ஒரு காதில் மட்டும் கேட்கிறது என்று புலம்புவதும் இதே வகைதான்: ஸ்டீரியோவாக 1, 2 இரண்டையும் தேர்ந்தெடுத்திருப்பீர்கள். மோனோ 1 என்று மாற்றினால் நடுவில் வந்துவிடும்.

நான்காவது, டிராக்கைப் பதிவுக்குத் தயார் செய்யும் சிவப்புப் பொத்தான். அதை அழுத்தினீர்களா? கேட்கக் கூச்சமாக இருந்தாலும் கேட்க வேண்டிய கேள்வி.

இன்னொன்றும் உண்டு. ஏசியோ இல்லாமல் விண்டோஸ் வழியாகவே பதிவு செய்கிறவர்களுக்கு, நீட்டிப் பாடும் ராகத்தின் வால் அப்படியே விழுங்கப்பட்டு மறையும். மைக் கெடவில்லை. பேச்சுக்கென்று வைத்த இரைச்சல் நீக்கும் வசதி, நீண்ட சுரத்தை மின்விசிறிச் சத்தம் என்று நினைத்து வெட்டுகிறது. சவுண்ட் அமைப்பில் அந்த மைக்கின் பக்கத்துக்குப் போய் ஆடியோ என்ஹான்ஸ்மென்ட்ஸை அணையுங்கள்.

சடசட சத்தமும் தாமதமும்

இந்த இரண்டும் ஒரே குமிழின் இரண்டு பக்கம், அதனால் சேர்த்தே சொல்கிறேன். கணினி சத்தத்தை ஒவ்வொரு துளியாக வாங்காது. கொஞ்சம் சேர்த்து வைத்து மொத்தமாக வாங்கும். எவ்வளவு சேர்ப்பது என்பதுதான் பஃபர். நொடிக்கு 48,000 முறை சத்தத்தை அளந்து எண்ணாக்கும் அமைப்பில், பஃபரை 128 அளவுகள் என்று வைத்தால் 2.7 மில்லி வினாடி, 256க்கு 5.3, 512க்கு 10.7, 1024க்கு 21.3. இது ஒரு வழிக் கணக்கு. உள்ளே போய் வெளியே வர இரண்டு மடங்கு, அதற்கு மேலும் கொஞ்சம்.

காற்றில் சத்தம் ஒரு மீட்டர் போக ஏறக்குறைய 3 மில்லி வினாடி ஆகும். ஆகவே 10 மில்லி வினாடித் தாமதம் என்பது உங்களுக்கு மூன்றரை மீட்டர் தள்ளி நின்று உறுமி அடிப்பவரைக் கேட்பது போலத்தான், சமாளித்துவிடலாம். 40 மில்லி வினாடி என்றால் அவர் சாலைக்கு அந்தப் பக்கம் போய்விட்டார். தாளம் நிச்சயம் தள்ளும்.

பஃபரைக் குறைத்தால் தாமதம் குறையும், ஆனால் கணினிக்கு மூச்சுத் திணறும். சடசட, பட்பட் என்று வரும். கூட்டினால் சத்தம் சுத்தமாகும், தாமதம் ஏறும். ஆகவே பாடும்போது 128 அல்லது 256, பதிந்ததை எல்லாம் கலந்து மிக்ஸ் செய்யும்போது 1024. எதிரொலி மாதிரி விளைவுகளைச் சேர்க்கும் பிளக்இன்களை எல்லாம் போட்டுக்கொண்டு 64இல் பாடப் பார்ப்பது வேண்டாத வேலை.

பஃபரைக் கூட்டியும் சடசட நிற்கவில்லை என்றால் கணினியைக் கவனியுங்கள். மடிக்கணினியை மின் இணைப்பில் செருகி, பவர் அமைப்பை முழு வேகத்துக்கு மாற்றுங்கள். யூஎஸ்பி துளைகளைத் தூங்க வைக்கும் சேமிப்பு வசதியை அணையுங்கள். வைஃபையை அணைத்துவிட்டு ஒரு நிமிடம் பதிவு செய்து பாருங்கள். வைஃபை டிரைவர்தான் குற்றவாளி என்பது அடிக்கடி நடக்கும். யார் இடையூறு செய்வது என்று சரியாகத் தெரிய வேண்டுமானால் லேட்டன்சிமான் என்ற இலவச நிரலை ஓடவிடுங்கள், பெயரோடு காட்டிக்கொடுக்கும்.

நம் ஊருக்கே உரிய காரணம் ஒன்று: வெக்கை. தகரக் கூரைக்குக் கீழே மத்தியானம் 2 மணிக்கு மடிக்கணினி கொதிக்கும். கொதித்தால் தன் வேகத்தைத் தானே குறைத்துக்கொள்ளும். காலையில் ஒழுங்காக ஓடிய அதே பாட்டு மத்தியானம் சடசடக்கும். மெத்தை மேல் வைக்காதீர்கள். கனமான வேலைகளை விடியற்காலைக்கு மாற்றுங்கள், அப்போது செம்பனை லாரி சத்தமும் இருக்காது. கோழி இருக்கும், அதற்கு என்னிடம் வழியில்லை.

தாமதத்தை முழுக்கத் தாண்டிப் போக இன்டர்ஃபேஸிலேயே ஒரு வழி இருக்கிறது: டைரக்ட் மானிட்டர். அதைப் போட்டால் உங்கள் குரல் கணினிக்குள் போகாமல் நேராக ஹெட்போனுக்கு வரும். அதைப் போட்ட பிறகு மென்பொருளில் டிராக்கின் மானிட்டரை, அதாவது குரலைக் கணினி வழியாகத் திருப்பிக் கேட்க வைக்கும் வசதியை, அணையுங்கள். இரண்டும் திறந்திருந்தால் குரல் இரட்டையாக, பின்னாலேயே ஓர் ஆள் கூடப் பாடுவது போலக் கேட்கும். புளூடூத் ஹெட்போன் மட்டும் வேண்டவே வேண்டாம். அதன் தாமதத்தை எந்த அமைப்பாலும் சரிசெய்ய முடியாது.

உம்ம்ம் என்ற முழக்கம்

வீட்டுப் பதிவில் ஆளை அதிகம் அலைய வைப்பது இது. மலேசியாவில் வீட்டு மின்சாரம் 230 வோல்ட், 50 ஹெர்ட்ஸ். அந்த 50 ஹெர்ட்ஸும் அதன் மடங்குகளும்தான் உம்ம்ம் என்று கேட்கின்றன. 50உம் 100உம் ஏறக்குறைய 5 கட்டைச் சுருதியின் கீழ்ஸ்தாயி. அதனால் 5 கட்டையில் பாடுகிறவர்களுக்குச் சுருதிப் பெட்டிக்குள் ஒளிந்துகொண்டு தெரியாமலே போகும். பாட்டு முடிந்து அமைதி வரும்போது பல்லிளிக்கும். சுருதியை நிறுத்திவிட்டுச் சோதியுங்கள்.

முதல் சோதனை: ஸ்பீக்கரை அணைத்து ஹெட்போனில் கேளுங்கள். போய்விட்டதா? அப்படியானால் பதிவு சுத்தம். இன்டர்ஃபேஸிலிருந்து ஸ்பீக்கருக்குப் போகும் கேபிளில்தான் சிக்கல். முனையில் ஒரு கறுப்பு வளையம் இருந்தால் அது டிஎஸ், இரண்டு வளையம் இருந்தால் டிஆர்எஸ். ஸ்பீக்கர் ஏற்கும் என்றால், முழக்கம் நுழைவதைத் தடுக்கும் டிஆர்எஸ் போடுங்கள்.

ஹெட்போனிலும் கேட்டால் கெயினைச் சுழியத்துக்கு இறக்குங்கள். முழக்கம் மறைந்தால் அது மைக், கிட்டார், கேபிள் வழியாக நுழைகிறது. கேபிளை மாற்றுங்கள். கிட்டார் என்றால் மடிக்கணினித் திரைக்கும் டியூப் லைட்டுக்கும் தள்ளி உட்கார்ந்து, மெதுவாகத் திரும்பிப் பாருங்கள். ஒரு திசையில் அடங்கும். கம்பியைத் தொட்டதும் குறைவது இயல்பு, பயப்பட வேண்டாம். மின்விசிறியின் வேகக் கட்டுப்பாட்டையும் ஒருமுறை அணைத்துப் பாருங்கள்.

கெயினை இறக்கியும் போகவில்லை என்றால் மடிக்கணினியின் சார்ஜரை உருவுங்கள். சத்தம் பட்டென்று நின்றால் ஆள் அகப்பட்டான். எளிய வழி, டேக் எடுக்கும் நேரம் மட்டும் பேட்டரியில் ஓட்டுவது. அப்படிச் செய்யும்போது சடசட வந்தால் பஃபரை ஒரு படி ஏற்றிக்கொள்ளுங்கள். நிரந்தர வழி, கணினி, ஸ்பீக்கர், கீபோர்டு எல்லாவற்றையும் ஒரே எக்ஸ்டென்ஷனில் செருகுவது. வேறு வேறு சுவரிலிருந்து மின்சாரம் எடுத்தால் எர்த் வழியாக ஒரு சுழல் உண்டாகி முழங்கும். கீபோர்டிலிருந்து வரும் முழக்கத்துக்கு, கீபோர்டுக்கும் இன்டர்ஃபேஸுக்கும் நடுவில் வைக்கும் டிஐ பெட்டி உதவும்; ஒலிக் கேபிளின் எர்த் தொடர்பை மட்டும் துண்டிக்கும் கிரவுண்ட் லிஃப்ட் பொத்தான் அதில் இருக்க வேண்டும்.

ஒன்றை மட்டும் செய்யாதீர்கள். மின் பிளக்கின் எர்த்தைத் துண்டித்தால் முழக்கம் நிற்கும் என்று யாராவது யோசனை சொல்வார்கள். நிற்கும், உண்மைதான். ஆனால் மூன்று முள் பிளக்கின் பெரிய முள்தான் உங்கள் உயிருக்குக் காவல். எர்த் துளைக்குள் பேனாவை விட்டு இரண்டு முள் பிளக்கை அழுத்திச் செருகும் பழக்கமும் வேண்டாம். அதற்கான அடாப்டர் கடையில் சில வெள்ளிக்குக் கிடைக்கிறது. மடிக்கணினியின் உலோகத்தையோ மைக்கையோ தொட்டால் சுருக்கென்று கடித்தால், பதிவை நிறுத்திவிட்டு லைசென்ஸ் உள்ள வயர்மேனைக் கூப்பிட்டு வீட்டின் எர்த்தைப் பார்க்கச் சொல்லுங்கள். பழைய வீடுகளில் இது முக்கியம்.

சுருதி ஏறிப்போனது

பதிவு செய்ததைத் திருப்பிப் போட்டால் குரல் கீச்சென்று, பாட்டு வேகமாக ஓடுகிறதா? நொடிக்கு 44,100 அளவுகளாகப் பதிவானதை 48,000 வேகத்தில் ஓட்டுகிறீர்கள். 4 நிமிடப் பாட்டு 3 நிமிடம் 40 வினாடியில் முடிந்துவிடும். 5 கட்டை, ஐந்தரைக்கும் ஆறுக்கும் நடுவில் எங்கோ போய் நிற்கும், எந்த ஆர்மோனியத்திலும் அகப்படாது. இன்டர்ஃபேஸ், மென்பொருள், விண்டோஸ் சவுண்ட் அமைப்பு மூன்றிலும் ஒரே எண்ணை வையுங்கள். வீடியோவுக்கு என்றால் 48,000.

உறுமி, தப்பு பதியும்போது

மேளத்துக்குக் குரலுக்கு வைத்த கெயின் ஆகாது. சிவப்பு விளக்கு ஒருமுறை மின்னினாலும் அந்த அடி உடைந்துவிட்டது. மென்பொருளில் குறைத்தால் சத்தம் குறையும், உடைசல் அப்படியே இருக்கும். அடிப்பவரை முழு வேகத்தில் அடிக்கச் சொல்லிவிட்டுக் கெயினை வையுங்கள். சும்மா தட்டிக் காட்டச் சொன்னால் மெதுவாகத்தான் தட்டுவார், பாட்டில்தான் கை ஏறும். மீட்டரில் உச்சம் மைனஸ் 12 டெசிபல் பக்கம் நிற்கட்டும். கெயினைச் சுழியத்தில் வைத்தும் சிவப்பு வந்தால் உள்ளே வரும் சத்தத்தைக் குறைக்கும் பேட் பொத்தானை அழுத்துங்கள். அது இல்லாவிட்டால் மைக்கை ஒரு மீட்டர் தள்ளி வையுங்கள். கண்டென்சரைவிட டைனமிக் மைக் இதற்குத் தாங்கும். உறுமியின் இழுவையைப் பிடிக்க, வளைந்த குச்சி தேய்க்கும் பக்கம் மைக் பார்க்கட்டும்.

மின்னலும் ஈரமும்

பேராக்கில் சாயங்கால இடியைப் பற்றி நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. சுவிட்சை அணைத்தால் மட்டும் போதாது. பிளக்கை உருவுங்கள், மோடத்திலிருந்து கணினிக்கு வரும் கேபிளையும் சேர்த்து. மின்னல் அந்த வழியாகவும் வரும். கண்டென்சர் மைக்கை ஸ்டாண்டிலேயே விட்டுவைத்தால் ஈரம் ஏறி, நாளடைவில் பொரிவது போல ஒரு சத்தம் வரும். சிலிகா ஜெல் பொட்டலங்களோடு மூடிய டப்பாவில் வையுங்கள். ஏற்கெனவே பொரிகிறது என்றால் இரண்டு நாள் அந்த டப்பாவில் மூடி வைத்துவிட்டு மறுபடி சோதியுங்கள், பல நேரம் சரியாகிவிடும்.

ஈப்போவுக்குப் போகும் முன்

கூட்டாளி ஒருவரின் கணினியில் இன்டர்ஃபேஸை அதே கேபிளோடு செருகிப் பாருங்கள். அங்கே ஓடினால் குறை உங்கள் கணினியில். அங்கேயும் ஓடவில்லை என்றால் கேபிளை மாற்றி இன்னொரு முறை. அதற்கும் அசையவில்லை என்றால்தான் பெட்டி. ரசீதையும் பெட்டியின் அடியில் உள்ள வரிசை எண்ணையும் எடுத்துக்கொள்ளுங்கள். உத்தரவாதக் காலம் முடியாமல் திருகாணியைத் தொடாதீர்கள். எந்த விளக்கு எரிகிறது, எது எரியவில்லை, எந்தக் கணினிகளில் பார்த்தீர்கள், என்ன மாற்றினீர்கள் என்று ஒரு தாளில் எழுதிக் கொடுத்தால் கடைக்காரர் அதே சோதனைகளை மறுபடி செய்யாமல் நேராகத் திறந்து பார்ப்பார். மைக்கையும் கேபிளையும் சேர்த்தே கொண்டுபோங்கள்.